ரெண்டு காலும் தரையில் பதியாத வண்டிக்குப் பழகுவது

ராயல் என்ஃபீல்டின் புல்லட், தண்டர்பேர்டு, மீட்டியோர் என்று காலம் தள்ளியவர்கள், அதே கம்பெனியின் ஹிமாலயன் மாதிரி கரடுமுரடான பாதைக்கும் போகிற உயரமான ஒரு வண்டிக்கு மாறும்போது முதலில் கேட்பது ஒன்றுதான், "கால் எட்டுமா?" எட்டாது. உயரம் ஐந்தரை அடிப் பக்கம் என்றால் ரெண்டு குதிகாலும் சேர்ந்து தரையில் பதியவே பதியாது, அதை இப்போதே மனசுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். மீட்டியோர் 350-இன் சீட் உயரம் 765 மில்லிமீட்டர், ஹிமாலயன் 450-இல் 825. வித்தியாசம் மூணு விரல் அகலம்தான், ஆனால் ஷோரூமில் ஏறி உட்கார்ந்த முதல் நிமிஷம் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

நான் 5 அடி 6 அங்குலம். மீட்டியோரில் மூணு வருஷம் ஓட்டிவிட்டு மாறினேன். எடையைப் பார்த்து ஏமாந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீட்டியோர் 191 கிலோ, புது வண்டி 196, ஐந்து கிலோவில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். எடை எவ்வளவு என்பதைவிட அது எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். 17 லிட்டர் டேங்க் நிறைய பெட்ரோலோடு வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கினால், கொஞ்சம் சாயும்வரை ஒரு விரலால் தாங்கலாம், அதைத் தாண்டினால் ரெண்டு கையும் போதாது.

ஒன்பதாம் நாள் விழுந்தேன். ஓடும்போது அல்ல, பெட்ரோல் பங்க்கில், நின்றுகொண்டு. வரிசையில் முன்னால் இருந்த கார் நகர்ந்ததும் நானும் நாலடி நகர்ந்து, ஹேண்டிலை லேசாக இடது பக்கம் திருப்பினபடியே முன் பிரேக்கைப் பிடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் ரெண்டு காலையும் ஊன்றினேன். இடது பக்கம் தண்ணீர் ஓட விட்டிருந்த சரிவு. கால் இருக்கும் என்று நினைத்த இடத்தில் தரை இல்லை. அவ்வளவுதான், மெதுவாக, எல்லோரும் நிதானமாகப் பார்க்கும்படி, வண்டியோடு சாய்ந்தேன். அந்த ஒரு விழுகையில் மூணு தப்பு இருந்தது: திரும்பிய ஹேண்டிலோடு முன் பிரேக், ரெண்டு கால், தரையைப் பார்க்காதது. உயரமான வண்டியை நிறுத்திய இடத்தில் கீழே போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இந்த மூணில் ஒன்றைத்தான் சொல்வார்கள்.

சரி, எப்படி நிறுத்துவது? வேகம் குறையும்போதே கால் ஊன்றப் போகிற இடத்தைப் பார்த்துவிட வேண்டும், குழி, மணல், ஆயில் இல்லாத, கொஞ்சம் மேடான பக்கமாக. ஹேண்டிலை நேராக்கிக்கொண்டு, கடைசி ரெண்டு மீட்டரைப் பின் பிரேக்கில் முடியுங்கள். நிற்கும் முன் இடுப்பைச் சீட்டில் இடது பக்கமாக ஒரு இஞ்ச், ரெண்டு இஞ்ச் நகர்த்தினால் இடது பாதம் முழுசாகத் தரையில் பதியும், வலது கால் பிரேக்கிலேயே இருக்கும். ஒரு கால் முழுசாகப் பதிவது, ரெண்டு கால் நுனி விரலில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். மீட்டியோர் மாதிரித் தாழ்ந்த சீட் வைத்த க்ரூசர் வண்டி நமக்குக் கற்றுத் தந்த சோம்பேறித்தனம் கொஞ்சநஞ்சமில்லை, யூ டர்னில் காலைத் தேய்த்துக்கொண்டே திரும்புவது, உட்கார்ந்தபடியே காலால் உந்திப் பின்னால் தள்ளுவது எல்லாம் அதில் நடக்கும், இதில் நடக்காது. பார்க்கிங்கில் இருந்து எடுக்க வேண்டுமா, இறங்கித் தள்ளுங்கள், ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. இறக்கத்தில் முன் வீலைக் கீழே விட்டு மட்டும் நிறுத்தாதீர்கள், அப்புறம் பின்னால் இழுக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

ஏறுவதும் மாறும். பின்னால் பெட்டி கட்டியிருந்தால் காலைத் தூக்கிப் போட முடியாது, அதனால் சமதளத்தில் சைடு ஸ்டாண்டு போட்டு, அது அழுத்தமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, இடது ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்று, சைக்கிளில் ஏறுவது போல வலது காலைச் சுற்றிப் போடுங்கள்.

கால் எட்டவில்லை என்றதும் சஸ்பென்ஷனை இறக்கிக் கொடுக்கிறேன் என்று யாராவது லிங்க் (வண்டியைத் தாழ்த்தும் இணைப்புத் துண்டு) மாட்டச் சொன்னால் ஆறு மாசம் பொறுங்கள். 230 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸுக்கு, அதாவது வண்டியின் அடிக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு, காசு கொடுத்துவிட்டு அதையே குறைத்தால் எதற்கு இந்த வண்டி? கம்பெனியே 805 மில்லிமீட்டருக்குத் தாழ்ந்த சீட் தருகிறது, முதலில் அதைப் பாருங்கள்.

பயிற்சிக்கு எங்கேயும் போக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கும் பள்ளிக்கூட மைதானமோ தண்ணீர் வற்றிய ஏரிப் பக்கத்துப் பொட்டலோ போதும். ரெண்டு செங்கலைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு, நடக்கிற வேகத்தில் அவற்றைச் சுற்றி எட்டுப் போடுங்கள். கிளட்ச்சைப் பாதியில் பிடித்து, ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். வண்டி உள்ளே சாயட்டும், உங்கள் உடம்பு வெளிப் பக்கம் நிமிர்ந்து இருக்கட்டும். பார்வை செங்கல் மேல் போனால் செங்கல் மேல்தான் ஏறுவீர்கள், திரும்பி வரப் போகிற பக்கத்தைப் பாருங்கள். எனக்கு நாலு ஞாயிறு ஆனது, முதல் ஞாயிறு ஒரு எட்டுகூட முழுசாக வரவில்லை.

அப்படியே தூக்கவும் கற்றுக்கொள்ளுங்கள், விழத்தான் போகிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் தூக்கின வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். முதல் கியரில் போடுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் ஓரத்தில் இடுப்பை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, ஒரு கையில் தரையைத் தொடும் பக்கத்து ஹேண்டில் பிடி, இன்னொரு கையில் பின்னால் இருக்கும் பிடிகம்பி (கிராப் ரயில்), முதுகை நிமிர்த்திக்கொண்டு காலால் உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். குனிந்து தூக்கினால் வண்டி எழாது, இடுப்புதான் பிடித்துக்கொள்ளும்.

எஞ்சின் விஷயம் காதில்தான் இடிக்கும். மீட்டியோரில் எஞ்சின் நிமிஷத்துக்கு 4000 சுற்று (ஆர்.பி.எம்) சுற்றும்போதே முழு டார்க், அதாவது இழுக்கிற பலம், வந்துவிடும், அதனால் டுக் டுக் என்று இழுத்துக்கொண்டே மேல் கியருக்குத் தாவுவது நம் ரத்தத்தில் ஊறியது. ஹிமாலயன் 450-இல் முழு டார்க்கான 40 நியூட்டன் மீட்டர் வருவது 5500-இல், பவர் உச்சம் 8000-இல். 2500-இல் நாலாவது கியரில் ஏற்றம் ஏறினால் வண்டி குலுங்கிக் காட்டிக்கொடுக்கும். ஒரு கியர் கீழே வைத்தே ஓட்டுங்கள், சத்தம் அதிகமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் இதே வண்டியை ஏற்றி இறக்கினால் மீதி எல்லாம் புரிந்துவிடும். முன் வீல் 21 இஞ்ச், அது மீட்டியோரின் 19 போலச் சட்டென்று திரும்பாது, ஆனால் பள்ளத்தில் விழுந்தாலும் அசையாமல் போகும். முன் சஸ்பென்ஷன் 200 மில்லிமீட்டர் இறங்கும், மீட்டியோரில் 130தான், அதனால் திடீரென்று முன் பிரேக்கை அமுக்கினால் மூக்கு குப்புற இறங்கும். வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிட்டு உள்ளே போங்கள்.

ஜல்லியிலும் செம்மண்ணிலும் எழுந்து நில்லுங்கள். இது சர்க்கஸ் இல்லை. உங்கள் எடை சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட்டுக்கு இறங்குகிறது, வண்டி உங்களுக்குக் கீழே இஷ்டத்துக்கு ஆடலாம். முட்டியால் டேங்கை லேசாக அணைத்து, முழங்கையைத் தளர்த்தி, ஹேண்டிலைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடியுங்கள். பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்-ஐப் பின் வீலுக்கு, மண்ணில் மட்டும் அணைக்கலாம், தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் போட்டுவிட வேண்டும். உங்கள் வண்டி ட்யூப் வைத்த மாடல் என்றால் 21 இஞ்ச் ட்யூப் ஒன்று கையில் இருக்கட்டும், எல்லா பஞ்சர் கடையிலும் அது கிடைக்காது. அவசரத்துக்குப் பின் வீலுக்கும் அதையே போட்டுக் கொஞ்ச தூரம் சமாளிக்கலாம்.

பின்னால் உட்காருபவர்களைப் பற்றி ஒன்று. மீட்டியோரில் என் மனைவி சாய்மானத்தில் சாய்ந்து தூங்கியே வருவாள், இதில் ஏறுவதற்கே என் தோளைப் பிடித்து ஃபுட்ரெஸ்ட்டில் மிதித்து எழ வேண்டியிருக்கிறது. நீங்கள் ரெண்டு பிரேக்கும் பிடித்து, இடது காலை ஊன்றி, "ஏறு" என்று சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். இறங்கும்போதும் அப்படியே, சொல்லாமல் இறங்கக் கூடாது. போன மாசம் டீக்கடை முன்னால் நான் நியூட்ரல் தேடிக்கொண்டிருந்தபோது அவள் பாட்டுக்கு இறங்கிவிட்டாள், கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பிடிக்காமல் இருந்திருந்தால் இன்னொரு இன்டிகேட்டர் போயிருக்கும்.