'எதுக்கும் இருக்கட்டும்' என்று கேட்கப்படும் தரவு

நான்கைந்து நிறுவனங்கள் தரவைப் பகிர்ந்துகொள்ள உட்கார்ந்தால், முதல் கூட்டத்திலேயே யாராவது கேட்பார்: "எல்லாத்தையும் ஒரே சர்வர்ல கொட்டிட்டா என்ன?" தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அரசுத் துறைகள் தரவைப் பரிமாறிக்கொள்ள எஸ்டோனியா 2001-இல் தொடங்கிய எக்ஸ்-ரோடு என்ற ஏற்பாடு அப்படிக் கொட்டவில்லை. ஒவ்வொரு துறையின் பதிவேடும் அந்தந்தத் துறையிடமே இருக்கிறது. கேள்வியும் பதிலும் மட்டும் பாதுகாப்பாகப் போய்வருகின்றன.

நமக்குப் பக்கத்து உதாரணம் அக்கவுண்ட் அக்ரிகேட்டர், அதாவது நம் நிதி விவரங்களை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. ரிசர்வ் வங்கி 2016-இல் விதி வகுத்தது. 2021 செப்டம்பரில் வங்கிகள் இறங்கின. உங்கள் சம்மதத்தோடு ஸ்டேட்மென்ட் உங்கள் வங்கியிலிருந்து கடன் தரும் நிறுவனத்துக்குப் போகிறது. நடுவில் இருக்கும் அக்ரிகேட்டர் ஒட்டிய கவரைக் கொண்டு சேர்க்கும் தபால்காரர் மாதிரி. உள்ளே இருப்பதை அவரால் படிக்க முடியாது.

ஏற்பாடு நல்லதுதான். சறுக்கல், சம்மதப் படிவத்தை நிரப்பும் கையில் இருக்கிறது. எதற்காக, எந்தத் தரவு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை முறை எடுக்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. பைக் கடனுக்கு ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை ஒரே ஒரு முறை பார்த்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். படிவத்திலோ 'தினமும் எடுக்கலாம், இரண்டு வருடம் செல்லும்' என்று இருக்கும். ஏன் என்று கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும் சார்." இந்தப் பதில் வந்தால் அந்த வரியை அங்கேயே அடித்துவிடுங்கள்.

அப்புறம், சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் எல்லாம் அழிந்துவிடும் என்ற நினைப்பு. இனிமேல் எடுப்பது நிற்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே எடுத்தது எக்செல் ஷீட்டாகி, மெயிலில் கிளை மேலாளருக்குப் போயிருந்தால்? யார், எத்தனை நாளில் அழிப்பது, அழித்ததை எப்படிக் காட்டுவது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். ஒரு நிறுவனத்தின் பட்டியலில் 'முடிந்தது' என்றால் கடன் முழுசாகக் கட்டியாயிற்று. இன்னொன்றில் விண்ணப்பத்தை நிராகரித்துக் கோப்பை மூடியாயிற்று. இரண்டும் ஒரே கட்டத்தில் வந்து விழுந்தால், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர் ஒழுங்காகக் கடனைக் கட்டியவராகத் தெரிவார். இரண்டு நிறுவனங்களின் கணினிகளை இணைக்கும் ஏபிஐ சரியாகவே வேலை செய்திருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

இப்படி ஒரு பிழையை வாடிக்கையாளர் கண்டுபிடித்தால், வாங்கிய இடம் 'அனுப்பியவரைக் கேளுங்கள்' என்று சொல்லும், அனுப்பிய இடம் 'எங்களிடம் சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்லும். மூல நிறுவனம் திருத்த வேண்டும், திருத்தியதை வாங்கியவர்கள் எல்லோருக்கும் அதுவே சொல்ல வேண்டும் என்று முன்பே பேசிவைப்பது நல்லது. யார் யார் வாங்கினார்கள் என்று தெரிய லாக், அதாவது ஒவ்வொரு முறை எடுத்ததற்கும் ஒரு பதிவு, வேண்டும். அதை ஐடி ஆட்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டிவைப்பது வழக்கம். எஸ்டோனியாவிலோ, தன் விவரத்தை எந்தத் துறை எப்போது எடுத்துப் பார்த்தது என்பதைப் பல பதிவேடுகளுக்குக் குடிமக்களே அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்கிறார்கள்.