மைக்ரோவேவ் ரேடியோ வாங்குமுன்: பல்லடம்–திருப்பூர் இணைப்பை வைத்து ஒரு கணக்கு

ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போனால், எத்தனை குதிரைத்திறன் என்று மட்டும் கேட்டு விற்றுவிடும் கடைக்காரரைக் கோயம்புத்தூர்ப் பக்கம் யாரும் மதிப்பதில்லை. ஆழம் எவ்வளவு, குழாய் எத்தனை அங்குலம், தண்ணீர் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்ட பிறகுதான் மோட்டார் பேச்சே தொடங்கும். டவருக்கு டவர் தகவல் அனுப்பும் மைக்ரோவேவ் ரேடியோ விஷயத்தில் மட்டும் விவரத்தாளின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் அனுப்பும் திறனைப் பார்த்து மயங்கிவிடுகிறோம்.

பல்லடத்து டவரிலிருந்து திருப்பூர் டவருக்குச் சுமார் 15 கிலோமீட்டர். 7 கிகாஹெர்ட்ஸில் இணைப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: பாதையைப் பாருங்கள்

நடுவில் தென்னந்தோப்பு இருக்கிறது. மரம் 20 மீட்டர், இனி வளரப்போவதற்கு 3 மீட்டர். பூமியின் வளைவு நடுப்பாதையில் 3.3 மீட்டரை விழுங்கும். அலை மெல்லிய கோடாகப் போவதில்லை. நடுவில் பருத்த நூல்கதிர்போலப் போகிறது. ஃபிரெனல் மண்டலம் எனப்படும் அந்தப் பருமனின் ஆரம் இங்கே 12.7 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 7.6 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். கூட்டினால் ஏறத்தாழ 34 மீட்டர். நிலம் சமமாக இருந்தால் இரு முனையிலும் ஆன்டெனா அந்த உயரத்தில் நிற்க வேண்டும். எவ்வளவு திறன் கூட்டினாலும் தென்னை மட்டை வழிவிடாது.

படி 2: அலைவரிசை கைக்கு வரட்டும்

இது உரிமம் வேண்டிய அலைவரிசை. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு ஒதுக்க வேண்டும். டவர் இடத்துக்குச் சக்ஃபா (அலைவரிசை ஒதுக்கீட்டு ஆலோசனைக் குழு) அனுமதியும் தேவை. சூலூரில் விமானப்படைத் தளம் இருப்பதால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் டவர் உயரத்தை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒதுக்கீடு வருமுன் ரேடியோ வாங்காதீர்கள். உள்ளே, அனுப்பும் அலையையும் வாங்கும் அலையையும் பிரிக்கும் டிப்ளக்ஸர் வடிகட்டி குறிப்பிட்ட துணை அலைவரிசைக்கே செய்யப்பட்டது. ஒரு முனை மேல் அதிர்வெண்ணில் அனுப்பினால் மறுமுனை கீழ் அதிர்வெண்ணில் அனுப்பும். ஒரே மாதிரி இரண்டை வாங்கி வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பேசாது.

படி 3: எந்த வேகத்தில் எவ்வளவு திறன்?

ஒப்பிட வேண்டிய இடம் இதுதான். திறனை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள்; அதில் 3 டெசிபெல் கூடினால் திறன் இரட்டிப்பு. 30 டிபிஎம் என்றால் 1 வாட், 33 என்றால் 2 வாட். ஆனால் முதல் பக்கத்து எண் பெரும்பாலும் மிக எளிய பண்பேற்றத்துக்கு, அதாவது தகவலை அலையில் ஏற்றும் முறைக்கு, உரியது. வேகத்துக்காக 256 குவாம், 4096 குவாம் என்று அடர்ந்த பண்பேற்றங்களுக்கு ஏற ஏற, சிக்னல் சிதையாமல் இருக்க ரேடியோ தன் திறனைக் குறைத்துக்கொள்ளும். விவரத்தாளின் பின்பக்க அட்டவணையில், உங்களுக்கு வேண்டிய வேகத்துக்கு நேரே இருக்கும் எண்ணையே எடுங்கள்.

இரண்டு கற்பனை ரேடியோக்களை எடுத்துக்கொள்வோம். ‘அ’ அறைக்குள் வைப்பது. முதல் பக்கத்தில் 33 டிபிஎம், 256 குவாமில் 29. ‘ஆ’ டவர் உச்சியில் ஆன்டெனாவின் முதுகிலேயே மாட்டுவது. முதல் பக்கத்தில் 30, 256 குவாமில் 26. இரண்டுக்கும் 256 குவாமுக்கான ஏற்பு எல்லை, அதாவது வாங்கிப் புரிந்துகொள்ளத் தேவையான குறைந்தபட்ச சிக்னல், −68 டிபிஎம்.

படி 4: குழாயில் போவதைக் கழியுங்கள்

‘அ’வின் சிக்னல் அலையைக் கொண்டுபோகும் உலோகக் குழாயான வேவ்கைடில் 40 மீட்டர் ஏற வேண்டும், 2 டெசிபெல் போய்விடும். சேனல்களைச் சேர்த்துப் பிரிக்கும் கிளைப்பு வடிகட்டிகளில் இன்னொரு 2. மிச்சம் 25. மறுமுனையில் இறங்கும்போதும் அதே 4 டெசிபெல் இழப்பு. ‘ஆ’வுக்கு இந்த இழப்பு அநேகமாக இல்லை.

15 கிலோமீட்டர் வெற்றுவெளி இழப்பு 133 டெசிபெல். 1.2 மீட்டர் ஆன்டெனா ஒவ்வொன்றும் 36 கூட்டித் தரும். ‘ஆ’வுக்கு 26+36+36−133, அதாவது −35 டிபிஎம், எல்லைக்கு மேல் 33 டெசிபெல் கையிருப்பு. ‘அ’வுக்கு −40 டிபிஎம், கையிருப்பு 28தான். இரண்டு வாட் ரேடியோ ஒரு வாட் ரேடியோவிடம் தோற்றுப்போகிறது.

அதற்காக ‘அ’வை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பழுதானால் அறைக்குள் நின்றே மாற்றலாம். பல சேனல்களை ஒரே ஆன்டெனாவில் சேர்க்கும் முதுகெலும்பு இணைப்புக்கு அதுவே வசதி. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் டவர் ஏறியவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும்.

படி 5: திறனா, ஆன்டெனாவா?

1.2 மீட்டருக்குப் பதில் இரு முனையிலும் 1.8 மீட்டர் ஆன்டெனா வைத்தால் மொத்தம் 7 டெசிபெல் கூடும். ரேடியோ திறனை ஐந்து மடங்காக்குவதற்கு அது சமம். ஆனால் காற்றை வாங்கும் பரப்பு இரண்டேகால் மடங்காகும். அம்மியையே பறக்கவிடும் காற்று இந்தத் தட்டைச் சும்மா விடாது; டவரின் தாங்குதிறனைக் கணக்கிட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

படி 6: ஆன்டெனாக்களை நேராக்குதல்

ஒரு முறை கணக்குப்படி −35 வர வேண்டிய இடத்தில் எங்களுக்கு −57 வந்தது. மேலே இருந்த தம்பி, “உச்சம் கிடைத்துவிட்டது, இறங்கிவிடலாமா அண்ணா?” என்று கேட்டார். எந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினாலும் அளவு குறைந்ததால், அதுதான் உச்சம் என்று அவர் நம்பியது நியாயமே. 22 டெசிபெல் குறைகிறதென்றால் முதன்மைக் கதிரை விட்டு, அதன் ஓரத்தில் இருக்கும் பலவீனமான பக்கக் கதிரில் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சந்தேகப்பட வேண்டும். நட்டைத் தளர்த்தி, இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை மெதுவாகத் திருப்பச் சொன்னேன். சிக்னல் அளவைக் காட்டும் வோல்ட்மீட்டர் முள் சின்னதாக ஏறி இறங்கியது. மூன்று நான்கு டிகிரி தள்ளி விறுவிறுவென ஏறியது. பிறகு மறுபடியும் ஒரு சின்ன ஏற்றம். நடுவில் இருந்த பெரிய மேட்டுக்குத் திரும்பி வந்து, மேல்-கீழ் சரிசெய்து, அதன் பிறகே மறுமுனையைத் தொட்டோம். இரு முனையையும் ஒரே நேரத்தில் அசைக்கவே கூடாது.

−36இல் நின்றது. நட்டை இறுக்கும்போது ஒரு டெசிபெல் நழுவியதால், தம்பி இன்னொரு தடவை ஏற வேண்டியிருந்தது.