மலை வேட்டைக்கு எடை குறைந்த போல்ட் றைபிளைத் தெரிவு செய்வது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பெர்கனில் இருக்கும் என் பெறாமகன் இந்த ஆண்டு நோர்வேயின் வேட்டைக்காரர் தேர்வில் சித்தியடைந்தான். மறுநாளே ஒரு துவக்கின் படத்தை அனுப்பி, "சித்தப்பா, இது 2.2 கிலோதான், இதையே வாங்கட்டோ?" என்று கேட்டான். சுன்னாகத்தில் எங்கள் முற்றத்தில் நின்று பார்த்தால் பனைதான் ஆக உயரமான பொருள். கீரிமலையில்கூடப் பெயரில் மட்டுமே மலை உண்டு. ஆனாலும் நோர்வேயில் வாழ்ந்த காலத்தில் பதினேழு இலையுதிர்காலங்கள் துவக்கோடு மலையேறியவன் என்ற வகையில் அவனுக்கு எழுதிய பதிலை, அவனைப் போலப் புதிதாக இதில் இறங்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்படி விரித்து இங்கே தருகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின்படி அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டது. காட்டு விலங்குகளை 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் காக்கிறது. ஆகவே இது வன்னிக் காட்டுக்கான வழிகாட்டி அன்று. நோர்வே போன்ற நாடுகளில் தேர்வு எழுதி, அனுமதி பெற்று, சட்டப்படி வேட்டைக்குச் செல்வோருக்கே எழுதுகிறேன்.

போல்ட் றைபிள் என்பது, ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் கைப்பிடியை உயர்த்தி, பின்னிழுத்து, மீண்டும் முன்தள்ளி அடுத்த ரவையைக் கையாலேயே அறைக்குள் ஏற்றும் துவக்கு. இன்றைய வேட்டைத் துவக்குகள் பலவற்றின் அடிப்படை அமைப்பு 1898ஆம் ஆண்டின் மவுசர் துவக்கிலிருந்து வந்தது. அசையும் பாகங்கள் குறைவாக இருப்பதால் எடையைக் குறைக்கவும், குளிரிலும் மழையிலும் நம்பி எடுத்துச் செல்லவும் இதுவே ஏற்றது.

முதற்படி: முழுச் சுமையைக் கணக்கிடுங்கள்

கடைப் பட்டியலில் இருப்பது வெறுந்துவக்கின் எடை. மலையில் அதை அப்படியே யாரும் தூக்குவதில்லை. பின்லாந்தில் சாக்கோ நிறுவனம் செய்யும் டிக்கா டி3எக்ஸ் லைட் என்ற துவக்கை எடுத்துக்கொள்வோம். அதன் எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதன்மேல் 400 கிராம் ஸ்கோப் (இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கி), அதைப் பொருத்தும் வளையங்கள் 100 கிராம், நோர்வேயில் பலரும் பூட்டும் ஒலியடக்கி 350 கிராம், தோள்வார் 100 கிராம், நான்கு ரவைகள் 100 கிராம் என்று கூட்டிப் பாருங்கள்; நான்கு கிலோவை நெருங்கிவிடும். பெறாமகன் கேட்ட 2.2 கிலோத் துவக்கும் இதே கணக்கில் மூன்றேகால் கிலோ ஆகிறது.

ஒரு தாளில் இந்தக் கூட்டலை எழுதி வைத்துக்கொண்டு அதன் பிறகே கடைக்குச் செல்லுங்கள். நடுத்தர உடல்வாகு உள்ள புதியவருக்கு, எல்லாம் சேர்ந்து 3.4 கிலோவுக்கும் 3.9 கிலோவுக்கும் இடையில் நிற்கும் துவக்கு ஏற்றது என்பது என் முடிவு. அதற்குக் கீழே போக முடியும். இரண்டரைக் கிலோவுக்கும் குறைந்த வெறுந்துவக்குகளைக் கிம்பர் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் பல ஆண்டுகளாகச் செய்கின்றன. ஆனால் புதியவர் அங்கே தொடங்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு.

அந்தக் காரணம் பின்னுதைப்பு. ஒரே ரவையைச் சுடும்போது அதிலிருந்து பறக்கும் குண்டான சன்னமும் வெடிவாயுவும் முன்னே கொண்டுசெல்லும் உந்தம் மாறுவதில்லை. ஆகவே தோளில் வந்து மோதும் ஆற்றல் துவக்கின் எடைக்கு நேர்மாறாகக் கூடும். 3.5 கிலோத் துவக்கை 2.5 கிலோவாகக் குறைத்தால், அந்த ஆற்றல் நாற்பது வீதம் உயரும். தோள் வலியைச் சில நாட்களில் மறந்துவிடலாம். ஆனால் அடி வருமுன்னே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் ஒருமுறை ஏற்பட்டால் அதை மாற்றச் சில பருவங்கள் எடுக்கும். நான் முதலில் வாங்கிய மெலிந்த துவக்கு எனக்கு அந்தப் பழக்கத்தைத்தான் தந்தது. ஹார்டாங்கர் மேட்டுநிலத்தில் ஒரு பனிமானைச் சுட்டபோது விசையை இழுக்கும் கணத்தில் நான் தோளைச் சுருக்கியதால், சன்னம் பின்னங்காலுக்கு அருகில் பட்டது. ரெயின்டியர் என்று அங்கே எல்லோரும் அறிந்த அந்த மானைக் கற்களுக்கு இடையே இருள் சூழும்வரை தேடிச் சென்று, அதன் வேதனையை முடித்தேன். அந்த நான்கு மணி நேரமே இந்தக் கட்டுரையை என்னை எழுத வைக்கிறது.

இரண்டாம்படி: துவக்குக்கு முன் ரவையைத் தீர்மானியுங்கள்

எந்த விலங்கு, எந்தச் சட்டம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நோர்வேயில் பனிமான், செம்மான், மூஸ் ஆகியவற்றுக்கு உடலில் பட்டதும் விரிவடையும் சன்னமே பயன்படுத்த வேண்டும்; அதன் எடை 9 கிராமுக்குக் குறையக் கூடாது. 9 முதல் 10 கிராம் வரையான சன்னமாக இருந்தால் 100 மீற்றரில் 2700 யூல் ஆற்றலும், 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 2200 யூல் ஆற்றலும் இருக்க வேண்டும். வாங்குமுன் நடப்பிலுள்ள விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்கள் எடை குறைந்த துவக்கைத் தேடுபவருக்கு மிக முக்கியமானவை. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த 6.5 கிரீட்மூர் ரவை பின்னுதைப்புக் குறைந்தது, துல்லியமானது, இளையவர்கள் விரும்புவது. ஆனால் அதன் வழக்கமான சன்னம் ஏறத்தாழ 9.2 கிராம் என்பதால், 100 மீற்றரில் அது 2700 யூல் என்ற எல்லையின் விளிம்பில்தான் நிற்கிறது. எடையைக் குறைக்கவென்று குழலை வெட்டிக் குறுக்கினால் வேகம் குறையும். சட்டத்தின் எல்லைக்குக் கீழேயும் போய்விடலாம். 1890களில் சுவீடனும் நோர்வேயும் சேர்ந்து உருவாக்கிய 6.5×55 ரவையோ, 10.1 கிராம் சன்னத்தோடு 2200 யூல் என்ற எல்லையைத் தாராளமாகத் தாண்டுகிறது; தோளுக்கும் மென்மையானது. 1952ஆம் ஆண்டின் .308 வின்செஸ்டர் சற்று முரடானதுதான், என்றாலும் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். புதியவர் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வது நல்லது. வெடிமருந்து மிகுந்த மக்னம் வகை ரவைகளை மெலிந்த துவக்கில் தொடவே வேண்டாம்.

மூன்றாம்படி: எடையை எங்கே குறைப்பது என்று பாருங்கள்

கள்ளுச் சீவும் தொழிலாளர்கள் பனையில் ஏறும்போது இடுப்பில் தேவையற்ற ஒரு பொருளையும் கட்டுவதில்லை. அதற்காகக் கத்தியின் அலகைத் தேய்த்து மெலிய வைப்பதும் இல்லை. வேலை செய்யும் பாகத்தை விட்டுவிட்டு மற்றப் பாகங்களில் சுமையைக் குறைக்கும் அந்த அறிவே இங்கும் வேண்டும். துவக்கில் வேலை செய்யும் பாகம் குழல்.

பென்சில் போல மெலிந்த குழல் விரைவில் சூடாகும். நான் முன்பு சொன்ன துவக்கில் முதற்சூடு குறியிலேயே பட்டது. ஆறவிடாமல் தொடர்ந்து சுட்டபோது நாலாவது சூடு ஒரு சாண் தள்ளிப் போனது. மலை வேட்டையில் பெரும்பாலும் ஒன்றிரண்டு சூடுகளே தேவைப்படும் என்பது உண்மை. ஆனால் புதியவர் பயிற்சிக் களத்தில் நூற்றுக்கணக்கில் சுட வேண்டியவர். ஆகவே நடுத்தரத் தடிப்புள்ள, 51 முதல் 56 சென்ரிமீற்றர் நீளமான குழலே போதும். ஒலியடக்கி பூட்டுவதானால் 51 வசதியாக இருக்கும். அதற்குமேல் நீளம் பாறைகளிலும் பற்றைகளிலும் தட்டும். குழலில் நீளவாக்கில் பள்ளம் வெட்டியிருப்பதும், மெல்லிய உருக்குக் குழலைக் காபன் நாரால் சுற்றியிருப்பதும் நல்ல முறைகள்தான். இரண்டாவது முறைக்குப் பணம் அதிகம் வேண்டும்.

குழலைத் தாங்கித் தோளில் பதியும் உடற்பகுதியான பிடங்கில் தாராளமாகக் குறைக்கலாம். மரப் பிடங்கின் அழகை நான் மறுக்கவில்லை. என் கடைசித் துவக்கு வால்நட் மரத்தாலானது. ஆயினும் மேற்கு நோர்வேயின் மழையில் மரம் ஊறி வீங்கிக் குழலைத் தொட்டால், குறி நகரும். கண்ணாடி நார் அல்லது காபன் நார்ப் பிடங்கு இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதோடு பல நூறு கிராமையும் குறைக்கும். கடையில் ஒரு தாளைக் குழலுக்கும் பிடங்குக்கும் இடையே நுழைத்து, அது தடையின்றி நகர்கிறதா என்று பாருங்கள். அத்துடன் முன்பகுதியைக் கையால் அழுத்திப் பாருங்கள்; வளைந்து குழலில் முட்டினால், அந்தப் பிடங்கு வேண்டாம். உருக்கைப் பொறுத்தவரையில் எளிதில் துருப்பிடிக்காத கறையில் உருக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஈரத்துக்கு ஏற்றது. தைத்தேனியப் பாகங்கள் எடையைக் குறைக்கும், விலையை ஏற்றும். முதல் துவக்குக்கு அவசியமில்லை.

நான்காம்படி: ஸ்கோப்

பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுவே. நெடுந்தூரப் போட்டிக்கான பெரிய ஸ்கோப்புகள் 800 கிராம், ஒரு கிலோ என்று இருக்கும். இரண்டு முதல் பத்து மடங்கு வரை பெரிதாக்கும் எளிய வேட்டை ஸ்கோப்பு 350 அல்லது 400 கிராமில் கிடைக்கும். துவக்கில் அரைக் கிலோ குறைக்கப் பெருந்தொகை செலவழிப்பதைவிட ஸ்கோப்பில் அதே அரைக் கிலோவைக் குறைப்பது மலிவு. எடை துவக்கின் மேற்பக்கத்தில் ஏறினால் அது கையில் கவிழப் பார்க்கும் என்பதும் இதற்கு இன்னொரு காரணம்.

ஐந்தாம்படி: கையில் எடுத்துப் பாருங்கள்

துவக்கில் ரவை இல்லை என்பதை நீங்களே போல்ட்டைத் திறந்து உறுதி செய்யுங்கள். பின்பு கண்களை மூடித் தோளில் வைத்து, கண்களைத் திறக்கும்போது ஸ்கோப்பின் நடுவே காட்சி முழுமையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பிடங்கின் நீளமோ உயரமோ உங்களுக்குப் பொருந்தவில்லை. நம்மவரில் பலருக்கு ஐரோப்பிய அளவுப் பிடங்கு சற்று நீளமாக இருக்கும். தடித்த குளிராடையோடு இன்னும் நீளமாகும். குளிராடையை உடுத்துக்கொண்டே கடைக்குச் செல்லுங்கள். கையுறை போட்டபடி பாதுகாப்புப் பூட்டை நகர்த்திப் பாருங்கள். விசை தளர்ச்சியின்றித் தெளிவாக விடுபட வேண்டும். ஒன்றேகால் கிலோ அளவு இழுவிசை புதியவருக்கு ஏற்றது. ரவைகளை அடுக்கும் கூடான மகசின் எளிதில் கழன்று விழும் வகையா என்பதையும் பாருங்கள், ஏனெனில் சரிவில் விழுந்த மகசினைத் தேடுவது வீண்வேலை.

ஆறாம்படி: வாங்கிய பின்

பெரிய விலங்குகளை வேட்டையாடுபவர் நோர்வேயில் ஆண்டுதோறும் சுடும் தேர்வு எழுத வேண்டும்: முப்பது பயிற்சிச் சூடுகள், பின்பு 100 மீற்றரில் மான் உருவத்தின் மீது ஐந்து சூடுகள். அந்த ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் பட வேண்டும். அதை வெறும் சடங்காக எண்ண வேண்டாம். மெலிந்த துவக்கு கையில் எளிதில் ஆடும் என்பதால், மேசையில் வைத்துச் சுடுவதோடு நிற்காமல், முதுகுப் பையின் மீது துவக்கை வைத்துப் படுத்தும், உட்கார்ந்தும் சுட்டுப் பழகுங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் இடையே குழல் ஆற நேரம் விடுங்கள். இடையிடையே நண்பர் ஒருவரைக் கொண்டு, உங்களுக்குத் தெரியாமல் சில தடவை வெற்று உறையை ஏற்றச் சொல்லுங்கள். வெடிக்காத துவக்கில் குழல்முனை கீழே குத்தினால் நீங்கள் அடிக்குப் பயந்து சுருங்குகிறீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும். எனக்கு இதை முதல் ஆண்டிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மலைச் சரிவில் இன்னொரு கணக்கு உண்டு. மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் சன்னத்தின் வீழ்ச்சியைத் தீர்மானிப்பது கிடைத்தூரமே. 30 பாகைச் சரிவில் 300 மீற்றர் தொலைவில் நிற்கும் மானுக்கு 260 மீற்றருக்குரிய குறியையே வைக்க வேண்டும். 300க்கு வைத்தால் சூடு மேலே போகும். ஆனால் முதல் இரண்டு பருவங்களுக்கு 150 மீற்றரைத் தாண்டிச் சுட வேண்டாம் என்று பெறாமகனிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தூரத்துக்குள் இந்தக் கணக்கின் தேவையே பெரும்பாலும் எழாது, கிட்டப் போவதற்குத்தானே எடை குறைந்த துவக்கை வாங்குகிறோம். 2.2 கிலோவைக் கைவிட்டு, 6.5×55 ரவைக்கான 2.9 கிலோத் துவக்கு ஒன்றை அவன் முன்பதிவு செய்திருக்கிறான். பனிமான் பருவம் ஓகஸ்ட் 20இல் தொடங்குவதற்குள் இருநூறு ரவைகளையாவது பயிற்சிக் களத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டு, இலக்குத் தாள்களைப் படம்பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும் என்பதே எங்கள் ஏற்பாடு.