எல்லா கியர் பாக்ஸுக்கும் ‘தொண்ணூறு’ ஆகாது

சொந்தக் காருக்குத் தானே கியர் ஆயில் மாற்றிக்கொள்ளும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பட்டறையில் பழைய கைகள் தொழில் பழகியபோது செய்த அதே தப்புகளைத்தான் புதிதாக ஸ்பானர் பிடிப்பவர்களும் செய்கிறார்கள். சூடான ஆயிலில் கை வைக்காதே, ஸ்டாண்ட் போடாமல் வண்டிக்கடியில் நுழையாதே என்பதெல்லாம் தெரிந்ததே. காசைக் கரைக்கிற தப்புகளை மட்டும் பார்ப்போம்.

டிரைன் போல்ட்டை முதலில் கழற்றுவது

ஆயில் ஊற்றும் ஃபில்லர் போல்ட் அசைகிறதா என்று பார்த்துவிட்டு, ஆயிலை வடிக்கும் டிரைனைத் தொடுங்கள். ஆயிலை வடித்த பிறகு மேல் போல்ட் இறுகிப்போய் வரவில்லை என்றால், டோ வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான்.

கடைக்காரர் கொடுத்த ‘தொண்ணூறை’ அப்படியே ஊற்றுவது

கடையில் போய் “கியர் ஆயில்” என்று மொட்டையாகக் கேட்டால், மறுகேள்வி இல்லாமல் கைக்கு வருவது பெரும்பாலும் 90 அல்லது 80டபிள்யூ-90. ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண் அது. டின்னைத் திருப்பிப் பார்த்தால் ஜிஎல்-5 என்று கியர் ஆயிலின் தர வகை இருக்கும். நாலைவிட அஞ்சு உசத்தி என்று வாங்குபவரும் திருப்தியாகக் கிளம்பிவிடுவார். எத்தனை தடவை சொன்னாலும் இந்த ஒன்று மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது.

ஜிஎல்-5 இருப்பது ஹைப்பாய்டு கிரவுன்-பினியனுக்காக. கிரவுன் பெரிய பல் சக்கரம், பினியன் அதைச் சுற்றவைக்கும் சின்னது. பின் சக்கரம் தள்ளும் வண்டியின் ஆக்சில் ஹவுசிங்கில், கிரவுனின் மையத்தை விட்டு விலகித்தான் பினியன் உட்கார்ந்திருக்கும். பற்கள் பலத்த அழுத்தத்தில் ஒன்றின்மேல் ஒன்று உரசி வழுக்கும்போது ஆயில் படலம் பிழிந்து போய்விடும். அதைத் தாங்கத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானத்தை, ஜிஎல்-4-இல் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்க்கிறார்கள்.

முன் சக்கரம் இழுக்கும், இன்ஜின் குறுக்காக உட்கார்ந்த சின்னக் கார்களில் இந்த ஹைப்பாய்டே கிடையாது. கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில் ஓடும். கடைசிப் பல் ஜோடி சாதாரண ஹெலிகல், அதாவது சாய்வாக வெட்டிய பல். ஜிஎல்-4 தாராளமாகப் போதும். ஆனால் உள்ளே பித்தளை சிங்க்ரோ ரிங்குகள் இருக்கின்றன. கியர் விழும் நொடியில் ரிங், கியரின் கூம்பான கோனைக் கவ்விப் பிடித்து இரண்டின் வேகத்தையும் சமன்படுத்த வேண்டும். ரிங்கின் உட்பக்கத்தில் உள்ள மெல்லிய வரிகள் ஆயிலை வெட்டி விலக்கினால்தான் அந்தப் பிடி கிடைக்கும். கெட்டியான, வழுவழுப்புக் கூடிய ஆயிலில் ரிங் வழுக்குகிறது. வேகம் சமமாகும் முன்பே, கியரைப் பூட்டும் ஸ்லீவ் போய்ப் பல்லில் இடிக்கிறது. இது போதாதென்று, சூடேறும்போது கந்தகச் சேர்மானம் பித்தளையை மெல்ல அரிக்கவும் செய்யும். இந்த அரிப்பைக் குறைத்த ஜிஎல்-5 ஆயில்கள் இப்போது வருகின்றன. ஆனாலும் வழுக்கல் போவதில்லை.

வண்டி பட்டறைக்கு வந்து சேரும் கதை எப்போதும் ஒன்றுதான். காலையில் எடுத்ததும் இரண்டாவது கியர் கனமாக விழும். பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது ‘கர்ர்’. யாரோ கிளட்ச் என்று சொல்லி பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றியிருப்பார்கள். சத்தம் போயிருக்காது. கடைசியில் பாக்ஸைப் பிரித்தால் ரிங்கின் பல் முனைகள் மழுங்கி, கூடவே இரண்டாவது கியரின் பக்கப் பற்களும் உருண்டு போயிருக்கும். சரியான ஆயிலுக்கும் தப்பான ஆயிலுக்கும் விலை வித்தியாசம் சில நூறு ரூபாய். கூலியோ பாக்ஸை இறக்கி, பிரித்து, கோத்து, ஏற்ற வேண்டிய கூலி.

வண்டியோடு வந்த கையேட்டில் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். 75டபிள்யூ-80, 75டபிள்யூ-85, 75டபிள்யூ-90 என்று ஏதோ ஒன்று, பக்கத்தில் ஜிஎல்-4 என்று பெரும்பாலும் இருக்கும். ஹோண்டா தனக்கென்று எம்டிஎஃப் என்ற மேனுவல் கியர் பாக்ஸ் ஃப்ளூயிடைக் கேட்கும். அளவு பெரும்பாலும் 2 முதல் 2.5 லிட்டர். தப்பானதை ஏற்கெனவே ஊற்றியிருந்தால், பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக வடித்து, சரியானதை நிரப்பி, 1,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றுங்கள். மழுங்கிய பல் திரும்பி வராது. மேற்கொண்டு கெடாமல் நிற்கும்.

வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தங்கத்தூள் மாதிரி மினுமினுத்தால் அது சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. டிரைன் போல்ட் காந்தத்தில் மை போலச் சாம்பல் பசை ஒட்டியிருப்பது சகஜம். ஊசி ஊசியாகவோ சில்லாகவோ இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

இதற்கு நேர் எதிர்த் தப்பும் உண்டு: பின் ஆக்சில் கிரவுனில் ஜிஎல்-4 ஊற்றுவது. கிரவுன் ஊளையிட்டே சொல்லிவிடும்.

முன்பக்கம் மட்டும் ஜாக்கி ஏற்றி லெவல் பார்ப்பது

மூக்கு தூக்கியபடி நிற்கும் வண்டியில் லெவல் ஓட்டை பொய் சொல்லும். நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஆயில் ஓட்டை விளிம்பு வரை வந்து, நூல்போல வழிந்து நின்றால் சரி. கூடினால் நுரைத்து, காற்று போகும் பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் வெளியே வரும். கிளட்ச் பிளேட்டில் பட்டால் அதுவும் போச்சு. குறைந்தால் பல பாக்ஸ்களில் முதலில் அடிபடுவது ஐந்தாவது கியர். அது ஓரத்து மூடிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும்.

அலுமினியத்திடம் பலம் காட்டுவது

பாக்ஸின் கூடு அலுமினியம், போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போய்விடும். டார்க் ரெஞ்ச், புது வாஷர். வாஷர் இல்லாத மாடல் என்றால் மரையில் சீலன்ட்.

‘லைஃப்டைம்’ ஆயில், மாற்றவே வேண்டாம் என்று விட்டுவிடுவது

பல ஆட்டோமேட்டிக் பாக்ஸ்களைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது.

சிவிடியில் சாதாரண ஏடிஎஃப்

சிவிடி என்பது பெல்ட்டும் புல்லியும் கொண்ட ஆட்டோமேட்டிக், ஏடிஎஃப் என்பது சாதாரண ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கான ஆயில். வேண்டவே வேண்டாம். பெல்ட்டும் புல்லியும் வழுக்கிக் கோடு விழுந்தால் ரிப்பேர் இல்லை, பாக்ஸ் மாற்றம்தான்.

ஏஎம்டியை ஆட்டோமேட்டிக் என்று நினைப்பது

2014-இல் செலெரியோவோடு மாருதி கொண்டுவந்த வகை. உள்ளே இருப்பது மேனுவல் பாக்ஸேதான். அதே கியர் ஆயில்தான். கிளட்சையும் கியரையும் இயக்கும் ஹைட்ராலிக் யூனிட்டுக்குத் தனிச் சின்ன டேங்க், தனி ஃப்ளூயிட். இரண்டையும் மாற்றி ஊற்றாதீர்கள். கிளட்ச் செட் மாற்றினால் ஸ்கேனர் போட்டு, புது கிளட்ச்சை வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பழக்கும் கிளட்ச் லேர்னிங் செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியை வெளியே எடுத்து, குலுக்குகிறதே என்று கியர் பாக்ஸைப் பிரிக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.