மனைவிக்குப் பழைய பெடல் கயாக் வாங்கிச் செப்பனிடும் முறை

டெட்ராய்ட்டின் மேற்குப் புறநகரில் குடியிருக்கும் எங்களுக்குக் கோடை என்றால் கென்சிங்டன் மெட்ரோபார்க்கில் உள்ள கென்ட் ஏரிதான். சில ஆண்டுகள் இருவரும் துடுப்பு வலித்தே கயாக் என்னும் ஒடுங்கிய சிறு படகை ஓட்டினோம். பிறகு என் மனைவியின் வலது தோள் இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாத நிலை வந்தது. காலால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக் அவருக்கு ஏற்றது என்று தெரிந்ததும், புதிதாக வாங்கினால் சில ஆயிரம் டாலர் ஆகும் என்பதால் பழையதைத் தேடத் தொடங்கினோம். முதல் முறை அவசரப்பட்டு நானே போய் ஒன்றை வாங்கி வந்தேன். படகின் நீளத்தையும் விலையையும் பார்த்தேனே தவிர, ஓட்டப்போகிறவரின் கால் எட்டுமா என்று பார்க்கவில்லை. இருக்கையை எவ்வளவு முன்னே தள்ளினாலும் பெடல் தொலைவிலேயே நின்றது. அந்தக் கோடை முடிவதற்குள் நட்டத்துக்கு விற்றேன். அடுத்த முறை வாங்கியதைத்தான் அவர் இன்றும் ஓட்டுகிறார். அந்த இரண்டாவது முறையில் செய்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

விளம்பரங்களைப் புரட்டுவதற்கு முன், ஓட்டப்போகிறவரைத் தரையில் சுவரோடு முதுகு ஒட்டி, காலை நீட்டி உட்காரச் சொல்லி, இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்துகொள்ளுங்கள். முழங்கால் வலி உண்டா, எந்தத் தோள் பலவீனமானது, துணையின்றி எவ்வளவு எடையைத் தூக்க முடியும் என்பவற்றையும் அவரிடமே கேளுங்கள். அவர் தனியாக ஏரிக்குப் போக விரும்புகிறாரா என்று கேட்பது மிக முக்கியம். படகைக் காரின் மேல் ஏற்ற ஒவ்வொரு முறையும் உங்களை எதிர்பார்க்க வேண்டியிருந்தால், எவ்வளவு நல்ல படகானாலும் அது உண்மையில் அவருடைய படகு ஆகாது.

பெடலும் அதனோடு சேர்ந்து படகை உந்தும் பொறியும் அடங்கிய, கழற்றி எடுக்கக்கூடிய பாகத்தை டிரைவ் என்பார்கள். பெடல் கயாக்குகளில் பரவலாக இருப்பவை இரண்டு வகை. ஒன்று, ஹோபி நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவ் வகை. இதில் பெடல்களை மாற்றி மாற்றி முன்னே தள்ளும்போது, படகின் அடியில் உள்ள இரண்டு சிறகுகள் பென்குவின் நீந்துவதைப் போல இடமும் வலமுமாக வீசிப் படகை நகர்த்துகின்றன. மற்றது ஓல்ட் டவுன், நேட்டிவ் வாட்டர்கிராஃப்ட் போன்ற நிறுவனங்களின் ப்ரொப்பெல்லர் வகை. சைக்கிளைப் போல வட்டமாக மிதிக்க வேண்டும். ப்ரொப்பெல்லர் வகையில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் படகு உடனே பின்னால் வரும். பழைய மிராஜ் டிரைவில் பின்னோக்கிச் செல்ல வழியில்லை. பிறகு வந்த 180 என்ற வகையில் ஒரு கயிற்றை இழுத்தால் சிறகுகள் திரும்பிக்கொண்டு பின்னே தள்ளும். வட்ட மிதியில் முழங்கால் உயர எழும்பி மடங்கும்; தள்ளும் மிதியில் அவ்வளவு மடங்காது. ஆகவே முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிறகு வகையையே நான் பரிந்துரைப்பேன். கரையை நெருங்கும்போது ஒரு பெடலை முழுக்க முன்னே தள்ளினால் சிறகுகள் படகின் அடிவயிற்றோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஆழம் குறைந்த இடங்களிலும் இது வசதி. கால் நீளத்தைப் பொறுத்தவரை இரண்டிலும் வேறுபாடு உண்டு. மிராஜ் டிரைவில் பெடல் தண்டிலேயே 1 முதல் 7 வரை எண்ணிட்ட நிலைகள் இருக்கின்றன. ப்ரொப்பெல்லர் வகைகளில் பெரும்பாலும் டிரைவ் நிலையாக நிற்க, இருக்கைதான் தண்டவாளத்தில் முன்பின் நகரும். குள்ளமானவர்களுக்கு அந்தத் தண்டவாளம் போதுமான அளவு முன்னே வருகிறதா என்பதை உட்கார்ந்து பார்த்துத்தான் அறிய முடியும்.

எடையில் ஏமாறாதீர்கள். விளம்பரத்தில் சொல்லப்படும் எடை பெரும்பாலும் இருக்கையும் டிரைவும் இல்லாத வெறும் உடற்கூட்டின் எடை. ஓல்ட் டவுனின் பிரிடேட்டர் பிடிஎல் என்ற மாடல் முழுமையாகப் பூட்டிய நிலையில் 117 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 53 கிலோ. காரின் மேல் ஏற்றும்போது இருக்கையையும் டிரைவையும் கழற்றிவிடலாம் என்றாலும், கூரைத் தாங்கி எவ்வளவு சுமக்கும் என்பதைக் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிச்சிகனில் பழைய படகு தேட ஏற்ற காலம் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். குளிர்காலத்துக்குக் கராஜில் இடம் வேண்டும் என்று விற்பவர்கள் அப்போது விலையில் இறங்கி வருவார்கள். பார்க்கப் போகும்போது ஓட்டப்போகிறவரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். ஒரு டார்ச், சோப்புத் தண்ணீர் நிரப்பிய தெளிப்புப் புட்டி, ஒரு பழைய துணி, அவ்வளவு போதும்.

முதலில் படகின் பின்முனையில் வலப்பக்கம் பொறித்திருக்கும் 12 எழுத்து எண்ணைப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கங்கள் அந்தப் படகின் மாடல் ஆண்டைச் சொல்லும். விற்பவர் சொல்லும் ஆண்டு அதனோடு ஒத்துப்போக வேண்டும். அடுத்து படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பகுதியைப் பாருங்கள். மேலோட்டமான கீறல்களைப் பொருட்படுத்த வேண்டாம். தரையில் இழுத்துச் சென்றதால் பின்முனை தேய்ந்து மெலிந்திருக்கிறதா என்பதே முக்கியம். இந்தப் படகுகளின் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் நிலையாக ஒட்டாது. அதே பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டவைப்பது ஒன்றே முறையான பழுதுபார்ப்பு என்பதால், சிலிகோன் பசை பூசி மறைத்த இடம் தெரிந்தால் எச்சரிக்கையாகுங்கள்.

விரிசல் வழக்கமாகத் தோன்றும் இடங்கள் டிரைவ் இறங்கும் குழியின் விளிம்பு, மேல்தளத்துத் தண்ணீர் கீழே வடியப் படகை ஊடுருவிச் செல்லும் வடிகால் துளைகளின் உட்புறம், இருக்கை பொருந்தும் மூலைகள் ஆகியவை. வடிகால் துளையில் செருகும் தள்ளுவண்டியில் படகை மேடுபள்ளத்தில் இழுத்திருந்தால் அந்தத் துளைகளின் சுவர் தேய்ந்து பிளந்திருக்கும். நாங்கள் பார்த்த ஒரு படகு வெளியிலிருந்து பளபளவென்று இருந்தது. மூடிகளை இறுக்கி மூடிவிட்டு, உடற்கூட்டுக்குள் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் ஓட்டையின் அடைப்பானைக் கழற்றி, அதில் நான் வாயை வைத்து ஊத, மனைவி சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தார். டிரைவ் குழியின் ஓரத்தில், தலைமுடி அளவுகூட இல்லாத ஒரு கோட்டில் கடுகு கடுகாகக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. விற்றவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினோம். வாயால் ஊதுவதே போதுமானது. காற்றழுத்தக் கருவியை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது, உடற்கூடு உப்பிப் பிளந்துவிடும்.

டிரைவை வெளியே எடுத்துக் கையால் இயக்கிப் பாருங்கள். சிறகு வகையில் சங்கிலியும் கேபிளும் தளர்ந்தோ துருப்பிடித்தோ இருக்கக் கூடாது. சிறகுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி வளையாமல் நேராக நிற்க வேண்டும். ப்ரொப்பெல்லர் வகையில் சுழற்றும்போது கரகரப்பு கேட்கிறதா, அச்சில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நரம்பு உள்ளே புகுந்தால் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் என்ற வளையத்தை அறுத்துவிடும், பிறகு தண்ணீர் கியருக்குள் இறங்கிவிடும். புதிய டிரைவ் மட்டுமே பல நூறு டாலர் ஆகும். எனவே அந்த டிரைவுக்கு உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதிசெய்யுங்கள்.

வாங்கி வந்த பிறகு மேம்படுத்துவதில் எனக்கு ஒரு பிடிவாதமான வரிசை உண்டு: முதலில் அவருடைய உடலுக்குப் பொருத்துவது, அடுத்து தூக்கிச் செல்வது, மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் படகின் பெடல் தண்டு 5-ஆம் நிலையில் இருந்தது. 2-க்குக் கொண்டுவந்தபோதுதான், கால் முழுக்க நீண்ட நிலையிலும் முழங்கால் சற்றே மடங்கியிருக்க, அவரால் நுனிக்காலை நீட்டாமல் பாதம் முழுவதும் பதித்துத் தள்ள முடிந்தது. அந்த நிலையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தேன். இடுப்புக்குப் பின்னால் காற்றடைத்த சிறு தலையணை ஒன்றைச் செருகினோம். தேய்ந்துபோயிருந்த பெடல் வார்களையும் சுக்கான் கயிறுகளையும் மாற்றினோம். இவை எல்லாவற்றுக்கும் ஆன செலவு ஒரு நல்ல இரவு விருந்துக்கு ஆவதைவிட அதிகமில்லை. சுக்கான் கைப்பிடி இடப்பக்கம் இருந்தது அவருடைய வலத்தோளுக்கு நல்லதாக அமைந்தது. பெரிய சிறகுகளை மாட்டினால் வேகம் கூடும் என்று பலர் சொல்வார்கள். வேகம் கூடுவது உண்மை, ஆனால் ஒவ்வொரு மிதியும் கனக்கும். மெதுவாக ஓட்ட விரும்புகிறவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் அது தேவையில்லை. பெரிய சுக்கான் தகடு வேறு வகை. திருப்பம் எளிதாவதால் அதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

தள்ளுவண்டிக்குப் பருமனான காற்றுச் சக்கரம் வாங்குங்கள். படகின் அடியில் பட்டையால் கட்டும் வகையாக இருந்தால் வடிகால் துளைகளும் தப்பிக்கும். மின்மோட்டார் பொருத்தும் ஆசை இருந்தால், மோட்டார் பூட்டிய கயாக்கை மிச்சிகனில் பதிவுசெய்தாக வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பெண்களின் உடலமைப்புக்கென்று தைத்த லைஃப் ஜாக்கெட் ஒன்றும், விசில் ஒன்றும், ஒரு சிறு துடுப்பும் புதிதாகவே வாங்குங்கள். பெடல் கயாக்கின் இருக்கை முதுகு உயரமானது என்பதால், முதுகின் மேற்பகுதியில் மட்டும் மிதவை உள்ள ஜாக்கெட்தான் இடிக்காது. டிரைவைக் கயிற்றால் படகோடு கட்டிவையுங்கள். கவிழ்ந்தால் அது கழன்று ஏரியின் அடிக்குப் போய்விடக்கூடும். தோள் வலி உள்ளவரால் தண்ணீரிலிருந்து கையால் எம்பி ஏறுவது கடினம். ஆகவே காலை ஊன்றி ஏறுவதற்கு ஒரு பட்டை வளையத்தைப் பக்கக் கைப்பிடியில் மாட்டி, ஜூலை மாத வெதுவெதுப்பான தண்ணீரில், இடுப்பளவு ஆழத்தில் நான்கைந்து முறை ஏறிப் பழகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது முயற்சியில்தான் கைகூடியது. அதன் பிறகே அவர் முகத்திலிருந்த பயம் போனது.

முதல் பயணத்துக்குக் காற்று குறைந்த காலைப் பொழுதைத் தேர்ந்தெடுத்து, போகும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று பின்னிருந்து தள்ளும். அவரை முன்னே விட்டு, அவருடைய வேகத்தில் நீங்கள் பின்னால் செல்லுங்கள். கரையேறியதும் சிறகில் சுற்றிய பாசியை அங்கேயே பிடுங்கிப் போட்டு, வடிகால் அடைப்பானைத் திறந்து தண்ணீரை வடித்த பிறகே படகைக் காரில் ஏற்ற வேண்டும். ஒரு ஏரியின் பாசி இன்னொரு ஏரிக்குப் பரவாமல் இருக்க மிச்சிகன் சட்டமே அப்படிக் கேட்கிறது. வீடு சேர்ந்ததும் கட்டிய பட்டைகளை உடனே தளர்த்திவிடுங்கள். வெயிலில் இறுக்கமாகக் கட்டியபடியே விட்டால் அடிப்பகுதி உள்வாங்கிப் பள்ளம் விழும்.