டென்னிஸ்ல அழுகுணி ஆட்டம் ஆடறவங்கள எப்படி சமாளிக்கிறது

அம்பயர் இல்லாம காலைல கிளப்லயோ அபார்ட்மெண்ட் கோர்ட்லயோ ஆடறவங்களுக்குத்தான் இது. நம்ம பக்கம் விழற பந்து உள்ளயா (இன்) வெளியவா (அவுட்)ன்னு நாமளே கால் (call) சொல்றோம், எதிர்ல ஆடறவர் பக்கம் விழறதுக்கு அவர் சொல்றார், மொத்த ஆட்டமும் இந்த நம்பிக்கைலதான் நடக்குது, அதனாலயே இதுல ஏமாத்தினா எனக்கு மனசு ஆறவே ஆறாது.

முதல்ல லைன் கால். லைன துளி தொட்டாலும் இன், சந்தேகமா இருந்தாலும் இன்தான், அவுட்னா உடனே சத்தமா சொல்லணும். ரிட்டர்ன அடிச்சு பாத்துட்டு, அது நெட்ல மாட்டினதும் "சர்வீஸ் அவுட்"னு சொன்னா அது செல்லாது. எனக்கு ஒரு தடவ களிமண் கோர்ட்ல 4-4, பிரேக் பாயிண்ட் (அவர் சர்வ் பண்ற கேம நான் ஜெயிக்க ஒரே பாயிண்ட்தான் பாக்கி), கார்னர்ல ஃபோர்ஹேண்ட் அடிச்சேன், அவர் அவுட்னு விரல தூக்கிட்டார். மார்க்க, அதாவது மண்ல பந்து பட்ட தடத்த, காட்டுங்க சார்னு நெட் கிட்ட போறதுக்குள்ள ஷூவால அந்த இடத்த தேச்சு விட்டுட்டு "இங்கதான் எங்கயோ"ன்னார். பெரியவர்னு வாய மூடிட்டு வந்தேன், செட் போச்சு. மார்க்க அழிச்சா அந்த அவுட் கால்ல விட்டுக்கொடுத்ததா அர்த்தம்னு ரூலே இருக்கு, அப்பவே பொறுமையா சொல்லியிருக்கணும். முதல் சந்தேகமான கால்லயே "நல்லா பாத்தீங்களா சார்?"னு ஒரே ஒரு தடவ கேளுங்க, முக்கால்வாசி பேர் அதுக்கப்புறம் ஜாக்கிரதையா ஆயிடுவாங்க. பதிலுக்கு நீங்களும் தப்பா கால் சொல்ல ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ்.

ஸ்கோர்லயும் இதே கதைதான். சர்வ் பண்றவர் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கு முன்னாடியும் சத்தமா சொல்லணும், சொல்லலைன்னா நீங்க சொல்லிடுங்க. நீங்க 40-30ங்கறீங்க, அவர் 30-40ங்கறார்னா ஒவ்வொரு பாயிண்ட்டா ஞாபகப்படுத்தி பாருங்க, முதல் பாயிண்ட் மட்டும்தான் தகராறுன்னா மத்ததெல்லாம் அப்படியே நிக்கும், ஆளுக்கு ரெண்டு பாயிண்ட், அதாவது 30-30ல இருந்து ஆடலாம்.

அப்புறம் நேரத்த இழுக்கறது. நீங்க வரிசையா 3 கேம் எடுத்ததும் அவருக்கு திடீர்னு ஷூ லேஸ் அவுந்துடும், துண்டு வேணும், ஸ்ட்ரிங்க சரி பண்ணணும். பாயிண்ட்டுக்கு நடுவுல 25 செகண்ட், சைடு மாறும்போது 90 செகண்ட், அவ்ளோதான். அவரையே பாத்துட்டு நின்னா உங்களுக்குத்தான் சூடு ஏறும், முதுக காட்டி திரும்பி அடுத்த பாயிண்ட்ட யோசிங்க. இதுக்கு நேர் எதிரா நீங்க இடத்துக்கே வராதப்ப படக்குனு சர்வ் போடறவங்களும் இருக்காங்க, அப்போ கைய தூக்கிட்டு பந்த விட்டுடுங்க, ராக்கெட்ட வீசி திருப்பி அடிக்க முயற்சி பண்ணிட்டா நீங்க ரெடியா இருந்ததா ஆயிடும்.

பேச்சுலயும் மாட்டிப்போம். "இன்னிக்கு பேக்ஹேண்ட் பிரமாதமா இருக்கே, கிரிப் மாத்திட்டீங்களா?"ன்னு கேட்டா அடுத்த ஷாட்ல உங்க கை தானா கிரிப்ப யோசிக்கும். தேங்க்ஸ் சொல்லிட்டு நகருங்க. ஆனா பந்து ஓடிட்டிருக்கும்போது நீங்க அடிக்கற நேரம் பாத்து வேணும்னே கத்தினா பாயிண்ட் உங்களுக்கு.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க, தந்திரம் எல்லாமே தப்பு இல்ல. வெயில் கண்ணுல அடிக்கற பக்கம் லாப் (தலைக்கு மேல உயரமா தூக்கி அடிக்கறது) போடறது, ஓட முடியாதவருக்கு டிராப் ஷாட் (நெட்ட தாண்டினதும் விழற மாதிரி மெதுவா தட்டறது) போடறது, எல்லாம் மூளைய வச்சு ஆடறது. தலைக்கு மேல இல்லாம கீழ இருந்து போடற அண்டர்ஆர்ம் சர்வும் ரூல்படி சரிதான். 1989 பிரெஞ்ச் ஓப்பன்ல 17 வயசு மைக்கேல் சாங், கால் தசை பிடிச்சு நிக்கவே முடியாம, நம்பர் ஒன்னா இருந்த லெண்டிலுக்கு எதிரா 5வது செட்ல போட்டார், அந்த மேட்ச் மட்டுமில்ல, கப்பையும் ஜெயிச்சார். எங்க கோர்ட்லயும் ஒருத்தர் போடுவார், முதல் ரெண்டு தடவ பேஸ்லைனுக்கு (கோர்ட்டோட கடைசி கோடு) பின்னாடியே நின்னு பாயிண்ட்ட விட்டேன். இப்போ அவர் பந்த மேல போட கைய தூக்காம இறக்கினாலே ரெண்டு அடி முன்னாடி வந்துடறேன்.