மேசைக் கணினியின் தூசியை அகற்றிச் சூட்டைத் தணிப்பது எப்படி?

ஐந்து ஆண்டுகளாக உழைத்துவந்த என் மேசைக் கணினி, காணொளி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது எந்த எச்சரிக்கையும் இன்றி இரண்டு முறை அணைந்துபோனது. மின் இணைப்பில் கோளாறு என்று எண்ணி வயர்களை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. பிராசசரின் வெப்பநிலையை அளந்த பிறகே காரணம் விளங்கியது. சும்மா இருக்கும்போதே 64 டிகிரி. தொகுப்பைத் தொடங்கிய சில நிமிடங்களில் 100 டிகிரி. இதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. அவற்றுள் ஒன்று முழுவதும் ஒரு சிறிய பிளாஸ்டிக் ஊசியால் வீணானது. அந்த இடத்தில் நீங்களும் தடுமாறக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பேச்சுவழக்கில் பெட்டி முழுவதையும் சி.பி.யு. என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் வராதிருக்க, இங்கே பெட்டியைக் கேபினட் என்றும் உள்ளிருக்கும் சில்லைப் பிராசசர் என்றும் குறிப்பிடுகிறேன். பிராசசரின் மேல் அமர்ந்திருக்கும் அலுமினியத் தகடுகளின் அடுக்குதான் ஹீட் சிங்க். பிராசசரின் சூடு அந்தத் தகடுகளுக்கு ஏறி, விசிறி தள்ளும் காற்றோடு வெளியேற வேண்டும். தகடுகளுக்கு நடுவே நூலிழையும் முடியும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் அடைத்துக்கொண்டால், விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று உள்ளே நுழையாது. சூடு எல்லையைத் தொடும்போது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். இன்றைய மேசைக் கணினிகள் பலவற்றில் அந்த எல்லை 95 முதல் 100 டிகிரி செல்சியசுக்குள் இருக்கிறது.

முதல் படி: அளந்து குறித்துக்கொள்ளுங்கள்

விண்டோசில் கோர் டெம்ப் அல்லது ஹெச்.டபிள்யூ. மானிட்டர், லினக்சில் சென்சார்ஸ் கட்டளை போதும். சும்மா இருக்கும்போது ஒரு முறையும், கனமான வேலை ஒன்றைப் பத்து நிமிடம் ஓட்டியபின் ஒரு முறையும் எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். இவை இல்லாமல், செய்த வேலை பலித்ததா என்பதை அறிய வழியே இல்லை.

இரண்டாம் படி: மின்சாரத்தைத் துண்டியுங்கள்

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்னூட்டம் பெருமளவு வடிந்துவிடும். பிறகு கேபினட்டின் பெயிண்ட் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் இருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். வெளியிலிருந்து ஊதுவதே அதற்குப் போதுமானது.

மூன்றாம் படி: தூசியை வெளியேற்றுங்கள்

இதற்கு நான் பரிந்துரைப்பவை இரண்டே கருவிகள்: மின்சார ப்ளோயர் ஒன்று, மென்மையான ஓரங்குலப் பெயிண்ட் பிரஷ் ஒன்று. அழுத்திய காற்று அடைத்த கேனும் பயன்படும். ஆனால் அதைச் சாய்த்தோ தலைகீழாகவோ பிடித்தால் குளிர்ந்த திரவம் பீய்ச்சியடிக்கும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். வீட்டு வாக்வம் கிளீனரின் குழாய் முனையை, பாகங்கள் எல்லாம் பொருத்தியிருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம். காற்று உராயும்போது அதில் நிலைமின்சாரம் உண்டாகும்.

கேபினட்டை வெளிவராந்தாவுக்கோ மாடிக்கோ எடுத்துச் சென்று, மூக்கை மூடிக்கொண்டு ஊதுங்கள். ஊதும்போது ஒவ்வொரு விசிறியின் இறக்கையையும் விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். விட்டுவிட்டால் அது அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று பேரிங் கெடும்.

முதல் முறை நான் பிராசசர் விசிறியின் மேலிருந்தே ஊதினேன். பார்வைக்கு எல்லாம் பளிச்சென்று இருந்தது. வெப்பநிலை மூன்று டிகிரிதான் இறங்கியது. பிறகு விசிறியை ஹீட் சிங்கிலிருந்து கழற்றிப் பார்த்தபோது, தகடுகளின் மேல் விசிறியின் வட்டத்தை அப்படியே அச்செடுத்ததுபோல், ஒரு விரல் நகத்தின் தடிமனுக்குச் சாம்பல் நிறப் படலம் படிந்திருந்தது. இடுக்கியால் ஓரத்தைப் பற்றி இழுத்தேன். துணிபோல் ஒரே துண்டாக வந்தது. மேலிருந்து ஊதிய காற்று அதை இன்னும் இறுக்கியிருந்ததே தவிர அசைக்கவில்லை. ஆகவே விசிறியைத் தனியே கழற்றிவிட்டு, தகடுகளின் பக்கவாட்டிலிருந்து ஊதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வேலை இத்துடன் முடிந்துவிடும். ஹீட் சிங்கைத் தொடவே தேவையிருக்காது.

நான்காம் படி: ஹீட் சிங்கைக் கழற்றி மாட்டுதல்

தூசி போன பிறகும் சூடு குறையவில்லை என்றால், பிராசசரின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்த இரண்டுக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். ஹீட் சிங்கைத் தூக்கினாலே பழைய பேஸ்டை முழுவதும் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். நூல் பிரியாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து இரு பரப்புகளையும் துடையுங்கள். நடுவில் சிறு பட்டாணி அளவு பேஸ்ட் வைத்தால் போதும்; அழுத்தத்தில் அது தானே பரவிக்கொள்ளும்.

நான் தடுமாறியது இதற்கு அடுத்த இடத்தில். இன்டெல் பிராசசருடன் வரும் ஹீட் சிங்கில் நான்கு மூலைகளிலும் கறுப்புத் தலைகொண்ட பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். தலையில் பொறித்திருக்கும் அம்புக்குறியின் திசையில் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் கழன்றுவிடும். மீண்டும் மாட்டுவதற்கு முன் நான்கு தலைகளையும் எதிர்த்திசையில் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஹீட் சிங்கைத் துளைகளுக்கு நேராக வைத்து, எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டு ஊசிகளை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் டக்கென்ற ஒலியோடு பொருந்தும்.

நான் அடுத்தடுத்த மூலைகளை அழுத்தினேன். மூன்று ஊசிகள் பொருந்தின. நான்காவது, துளைக்குள் பாதி இறங்கி நின்றுவிட்டது. மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. கணினியை இயக்கி, விண்டோசுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயாசுக்குள் சென்றபோது, வெப்பநிலை என் கண்ணெதிரே நொடிக்கு நொடி ஏறி 90ஐத் தாண்டியது. உடனே அணைத்தேன். பேஸ்ட் தரமற்றது என்று முடிவுகட்டி, வேறொன்று வாங்கிப் பூசினேன். அப்போதும் அதே கதை. இரண்டாம் முறை கழற்றியபோதுதான் கவனித்தேன்: பேஸ்ட் ஒரு பக்கம் கண்ணாடிபோல் மெலிந்து பரவியிருந்தது, மறுபக்கம் வைத்தபடியே குவிந்திருந்தது. ஹீட் சிங்க் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

எனவே மாட்டியதும் கேபினட்டின் பின்பக்கப் பலகையைத் திறந்து, மதர்போர்டின் அடிப்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் வெள்ளைக் கால்கள் இரண்டாக விரிந்து, அவற்றின் நடுவே கறுப்பு ஊசி முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். பின்புறம் தெரியாத கேபினட் என்றால், ஒவ்வொரு ஊசியையும் மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். பொருந்தாதது கையோடு வந்துவிடும்.

ஐந்தாம் படி: காற்றுக்கு வழி

முன்பக்க விசிறிகள் காற்றை உள்ளிழுக்க வேண்டும். பின்பக்கமும் மேற்பக்கமும் இருப்பவை வெளியேற்ற வேண்டும். விசிறியின் எந்தப் பக்கத்தில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றனவோ, அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளிவரும். உள்வரும் காற்று சற்று மிகுதியாக இருப்பது நல்லது; அப்போது இடுக்குகள் வழியே காற்று வெளியேறுமே ஒழிய, அவ்வழியே தூசி உள்ளே வராது. இழுக்கும் விசிறிகளின் முன் வலை பொருத்தி, மாதம் ஒரு முறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். கேபினட்டைத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி உயரத்தில் வையுங்கள். பக்கப் பலகையைத் திறந்தே வைக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. வலைகளுக்கு வேலையே இல்லாமல் தூசி நேராக உள்ளே இறங்கும்.

இவ்வளவும் செய்தபின் என் கணினி சும்மா இருக்கும்போது 38 டிகிரியிலும், தொகுப்பின்போது 71 டிகிரியிலும் நிற்கிறது.

பின்சேர்க்கை

இதைப் பின்பற்றிய ஒருவருக்குக் கணினி தொடங்கும்போதே சி.பி.யு. ஃபேன் எரர் என்ற செய்தி வந்தது. விசிறியின் வயரை மீண்டும் செருக மறந்திருந்தார், மதர்போர்டில் சி.பி.யு. ஃபேன் என்று அச்சிட்ட இடத்திலேயே அதைச் செருக வேண்டும். இன்னொருவருக்குத் திரையே வரவில்லை. பிரஷ் பட்டு நினைவகப் பலகையான ரேம் ஒரு முனையில் தளர்ந்திருந்தது, அழுத்தியதும் சரியானது.

ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகைப் பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. அதன் அடியில் 1331 மெல்லிய ஊசிகள் உள்ளன. பேஸ்ட் இறுகியிருக்கும்போது ஹீட் சிங்கை நேராக மேலே இழுத்தால், பிராசசரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் கனமான வேலையில் ஓட்டிப் பேஸ்டை இளகச் செய்யுங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிடிப்பைத் தளர்த்தியபின், ஹீட் சிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். ஒட்டு விட்டுவிட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகே மேலே தூக்குங்கள்.